வெடி கொளுத்தும் நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள்: கொழும்புத் தொடர்மாடி முகாமைத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளை நிர்வகிக்கும் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

ஒரேயொரு காரியம் கேட்கவே இதை எழுதுகிறோம். உங்கள் கட்டடத்தில் வெடி கொளுத்துவதென்றால் எந்த நாள், எத்தனை மணி தொடக்கம் எத்தனை மணி வரை, எந்த இடத்தில் என்பதைக் குறைந்தது மூன்று நாள் முன்னதாக லிஃப்ட் வாசலில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். சொன்ன நேரத்துக்கு வெளியே யாரும் கொளுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெடியே வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தீபாவளி விடியலில் புது உடுப்போடு பிள்ளைகள் மத்தாப்புப் பிடிப்பதை யார்தான் மறுப்பார்கள்?

நாய், பூனை, கிளி வளர்க்கும் வீட்டுக்காரர் தம் பிராணிக்காகச் செய்யக்கூடிய அத்தனையும் நேரம் தெரிந்தால்தான் பலிக்கும். மிருக வைத்தியர் கொடுக்கும் மாத்திரை, சத்தம் தொடங்குவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னதாக உள்ளே போயிருக்க வேண்டும். நாயைக் கீழே கொண்டுபோய் மலசலம் கழிக்க வைத்துத் திரும்பியிருக்க வேண்டும். அறை தயாராக இருக்க வேண்டும். ஆளும் வீட்டில் இருக்க வேண்டும். முதல் வெடி வெடித்த பிறகு இவற்றில் எதைத் தொடங்கினாலும் பாதிப் பயன்தான்.

சித்திரைப் புத்தாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் வருடத்திலேயே அதிகமாக வெடி வெடிக்கும் நாட்களில் அதுவும் ஒன்று. ஆனால் வருடம் பிறக்கும் நேரம், அடுப்பு மூட்டும் நேரம், முதல் உணவு உண்ணும் நேரம் என்று எல்லாச் சுபநேரங்களும் நிமிடக் கணக்கில் பத்திரிகையில் முன்கூட்டியே வந்துவிடும். ஊர் முழுக்க வெடி அந்த நேரங்களை ஒட்டித்தான் கிளம்பும். நாய் வளர்ப்பவர் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆயத்தமாகலாம். டிசம்பர் 31 நள்ளிரவும் அப்படித்தான். சுதந்திர தினமான பெப்ரவரி 4ஆம் திகதி நண்பகலில் கடற்படையினர் சுடும் 25 பீரங்கி வேட்டும் தெரிந்த கணக்கு. எங்கள் அனுபவத்தில் பிராணிகளை அதிகம் குலைப்பது சொல்லாமல் வரும் வெடிதான். கிரிக்கெட்டில் வென்றதற்கு இரவு பதினொன்றுக்கு ஒரு சரம், நாலாம் மாடியில் பிறந்தநாள் என்று வாகனத் தரிப்பிடத்தில் ஒரு சரம், தீபாவளி முடிந்து இரண்டு நாள் கழித்து மிச்சமிருந்த, பெருஞ்சத்தம் போடும் யானைவெடி. இவற்றைத் தேசத்துக்கே கட்டுப்படுத்த எங்களால் முடியாது. உங்கள் மதிலுக்குள் உங்களால் முடியும்.

மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹேட்ஸ் அதிர்வெண் வரை கேட்கும். நாய்க்கு அது 45,000 வரை, பூனைக்கு 64,000 வரை எட்டும். நம் காதுக்கு எட்டாத மிக உயர்ந்த சுருதிச் சத்தத்தையும் அவை கேட்கின்றன. ஆனால் பயத்துக்கு அது மட்டும் காரணமாகாது. வெடி திடீரென்று வரும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று பிடிபடாது, எப்போது ஓயும் என்றும் தெரியாது. ஓடித் தப்பவும் இடமில்லை, ஏழாம் மாடியில் கதவு பூட்டியிருக்கிறது. இந்த நிலையில் மூச்சிரைப்பு, நடுக்கம், வாயில் எச்சில் வடிதல், ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றுதல், கண்மணி விரிதல், பிடித்த இறைச்சியையும் தொடாமை எல்லாம் வரும். இவை எவருக்கும் தெரியும். இதற்கு முன்னமே வரும் சின்ன அறிகுறிகளைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்: பசியில்லாமலே உதட்டை நக்குதல், தூக்கமில்லாமலே கொட்டாவி, காதைப் பின்னால் ஒட்டவைத்தல், வழமையை விட அதிகமாக ஆளின் காலோடு ஒட்டிக்கொள்ளல். சில நாய்கள் அசையாமல் உறைந்துபோய்க் கிடக்கும். "எங்கள் நாய்க்குப் பயமே இல்லை, பேசாமல் படுத்திருக்கும்" என்று வீட்டார் நினைப்பது பெரும்பாலும் இந்த நாயைப் பார்த்துத்தான்.

கொழும்பின் காலநிலை இதை இன்னும் கடுமையாக்குகிறது. இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மார்ச் – ஏப்ரலிலும் ஒக்டோபர் – நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழக்கம் அதிகம். புத்தாண்டும் தீபாவளியும் சரியாக அந்த மாதங்களில் வருகின்றன. வெடிக்குப் பயந்த நாய் இடிக்கும் பயப்படத் தொடங்கும். பிறகு இருட்டும் வானத்துக்கு, மழைக் காற்றுக்கு, கடைசியில் யன்னல் சாத்தும் சத்தத்துக்குக்கூட. ஒரு இரவோடு முடியவேண்டியது ஒரு பருவம் முழுக்க இழுபடுவது இப்படித்தான். வயதான நாய் ஒன்று முன்பில்லாமல் திடீரென்று சத்தத்துக்குப் பயந்தால் இடுப்பு, முழங்கால் மூட்டு வலியையும் சோதிக்கச் சொல்லுங்கள். வலியுள்ள உடல் திடுக்கிடும்போது வலி கூடும், அந்த வலி சத்தத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

இடத்தைப் பற்றி ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகும் ஒவ்வொரு தடவையும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். பத்து மீற்றரில் வெடித்ததை எண்பது மீற்றருக்குத் தள்ளினால் 18 டெசிபல் குறைந்துவிடும், அது பெரிய வித்தியாசம். கரையோரப் பெருந்தெருவான காலி வீதியிலிருந்து (Galle Road) கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் இந்தக் கணக்கு எடுபடாது. இரு பக்கமும் எட்டுப் பத்து மாடிச் சுவர். நடுவில் ஒரு சரத்தைக் கொளுத்தினால் ஒவ்வொரு வெடியும் சுவருக்குச் சுவர் மோதி இரண்டு மூன்றாகக் கேட்கும். நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் எல்லாவற்றிலும் மோசம். அங்கே எழும் சத்தம் படிக்கட்டு வழியாகவும் லிஃப்ட் குழி வழியாகவும் மேல்மாடி வரை ஏறும். கட்டடத்துக்குள், தரிப்பிடத்தில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் வெடி வேண்டாம் என்று ஒரு வரி தீர்மானம் போடுங்கள். தீப்பிடிக்கும் ஆபத்தை நினைத்தாலும் அந்த வரி தேவைதான்.

சத்தத்தின் வகையையும் குறைக்கலாம். மத்தாப்பு, சக்கர வாணம், பூவாணம் ஆகியவற்றில் ஒளியுண்டு, திடீர் அடி இல்லை. ஈர்க்கு வாணத்தின் சீழ்க்கைக்கே நடுங்கும் நாய்கள் உண்டு, பிறகு வரும் வெடி அந்தச் சீழ்க்கையோடு சேர்ந்து மனதில் பதிந்துவிட்டதால். யானைவெடியைத் தனியே சொல்லி விலக்குங்கள். கட்டடத்தின் பொதுப் பணத்தில் வெடி வாங்குவதாக இருந்தால் பட்டியல் உங்கள் கையில்தானே இருக்கிறது.

நேரத்துக்கு எல்லை போடுவது புதுமையான காரியமல்ல. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாதென்று நம் உச்ச நீதிமன்றம் 2007இல் பணித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் தீபாவளி வெடியை இரவு 8 முதல் 10 வரை என்று சுருக்கியது. நீங்கள் போட வேண்டிய எல்லை இன்னும் எளியது. தீபாவளிக்குக் காலை 5.30 முதல் 6.30 வரை, மாலை 6.30 முதல் 8.00 வரை என்று வைக்கலாம். டிசம்பர் 31க்கு 11.55 முதல் 12.15 வரை போதும். பண்டிகையை ஒட்டி மூன்று நான்கு நாள் வெடி தொடர்வதுதான் அதிகம் பாதிக்கிறது. பயந்த நாயின் உடல் மறுநாளும் முழுதாக அடங்காமல் இருக்கலாம், அது அடங்கும் முன்னரே அடுத்த இரவு வந்துவிடும்.

இனி வீட்டார் செய்ய வேண்டியவை. இதையும் உங்களுக்கே எழுதுகிறோம், ஏனென்றால் அறிவித்தலோடு சேர்த்து ஒட்டப்பட்டால்தான் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும்.

ஒளியவைக்கும் அறையைத் தேர்வதில் ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. குளியலறைதான் உள்ளே இருக்கிறது, யன்னல் சின்னது என்று நாயை அதற்குள் விடுவார்கள். பல தொடர்மாடிகளில் குளியலறையின் கண்ணாடிச் சட்ட யன்னல், காற்றோட்டத்துக்காகக் கட்டடத்தின் நடுவே விட்ட இடைவெளிக்குத்தான் திறக்கும். கீழே வெடித்தால் அந்த இடைவெளி குழல் போலச் சத்தத்தை மேலே கொண்டுவரும். ஓடு பதித்த சுவர் அதை இன்னும் அலறவைக்கும். பகலில் ஒரு தடவை ஒவ்வொரு அறையிலும் கதவு யன்னலைச் சாத்திவிட்டு நின்று, காலி வீதி ஹோர்ன் சத்தம் எங்கே குறைவாகக் கேட்கிறதென்று பாருங்கள். பெரும்பாலும் அது துணி அலுமாரியும் மெத்தையும் உள்ள படுக்கையறையாக, அல்லது அறைகளுக்கு நடுவிலுள்ள நடையாக இருக்கும். துணியும் மெத்தையும் சத்தத்தை உறிஞ்சும்.

அங்கே ஒரு மேசையின் மூன்று பக்கமும் தடித்த பெட்சீட் தொங்கவிட்டு, நாலாவது பக்கத்தைத் திறந்து வையுங்கள். உள்ளே வீட்டார் உடுத்த, துவைக்காத சாரமோ சட்டையோ ஒன்று. தண்ணீர்ப் பாத்திரம் கவிழாத பாரமான கிண்ணமாக இருக்கட்டும். இதை ஒரு வாரம் முன்னரே அமைத்து, தினமும் அதற்குள் வைத்தே ஒரு துண்டு இறைச்சி கொடுங்கள். அன்றைக்குத்தான் முதல்முறை காட்டினால் நாய் அதற்குள் போகாது. கூண்டில் பூட்டவே வேண்டாம். கூண்டுக்குப் பழகாத நாய், பயத்தில் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும், நகத்தைப் பிய்த்துக்கொள்ளும். சங்கிலியில் கட்டுவது அதைவிட ஆபத்து. பாய்ந்து சுற்றும்போது சங்கிலி மேசைக் காலிலோ கம்பியிலோ சிக்கிக் கழுத்தை இறுக்கும்.

கொழும்பில் மறந்துவிடக்கூடாதது வெக்கை. யன்னலை அடைத்து, திரையை இழுத்துவிட்டு, மின்விசிறி இல்லாத அறையில் இரைக்கும் நாயை இரண்டு மணி நேரம் விட்டால் பயத்தை விட வெப்பம் அதைச் சாய்த்துவிடும். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிரவைக்கிறது. ஈரப்பதன் கூடிய காற்றில் அது சரியாக வேலை செய்யாது. குளிரூட்டி இருந்தால் 25, 26 பாகையில் போடுங்கள். இல்லாவிட்டால் மின்விசிறியை முழு வேகத்தில் விடுங்கள், அதன் இரைச்சலே வெளிச்சத்தத்தைக் கொஞ்சம் மூடும். தொலைக்காட்சியோ வானொலியோ பேச்சுக்குரல் அளவில் ஓடட்டும். வெடியை வெல்ல வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டாதீர்கள், அதுவே இன்னொரு தொல்லை. மின்விளக்கு எரியட்டும், வெளிச்சம் இருந்தால் வாணத்தின் மின்னல் உள்ளே தெரியாது. பொக்ஸர், பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இவை எல்லாவற்றிலும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஈறு கடும் சிவப்பாகி, தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரால் வயிற்றையும் காலையும் நனைத்து, காற்று விட்டபடி வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

வெடி நாளில் நடையை மாலை ஐந்துக்கு முன் முடியுங்கள். கழுத்துப் பட்டியோடு மார்புப் பட்டியும் போட்டு, இரண்டிலும் கயிறு கொழுவுங்கள். பின்னால் இழுத்துத் தலையைக் குனிந்தால் கழுத்துப் பட்டி எளிதில் கழன்றுவிடும். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் போகும் இறுக்கம் சரி. பட்டியில் தொலைபேசி இலக்கம் எழுதிய தகடு இருக்கட்டும், மைக்ரோசிப் வைத்திருந்தால் அதிலுள்ள உங்கள் இலக்கம் இப்போதும் பாவனையில் இருக்கிறதா என்று பாருங்கள். தீபாவளிக்கு முதல் நாள் இரவு ஒன்பது, பத்துக்குக் கடைசித் தடவை கீழே கொண்டுபோங்கள், விடியப்புறம் நாலரைக்கே யாராவது தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு நாய் கீழே வர மறுத்தால் இழுக்காதீர்கள். குளியலறையில் பத்திரிகை விரித்து, அன்றைக்கு மட்டும் அங்கேயே போகட்டும். சாப்பாட்டை இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள், சத்தம் தொடங்கிய பிறகு பல நாய்கள் சாப்பிடாது.

வெடி வெடிக்கும்போது செய்யக்கூடிய மிக நல்ல வேலை ஒன்று, மிக மலிவானதும் அதுதான். உப்பு, வெங்காயம், உள்ளி போடாமல் அவித்த கோழி இறைச்சியைக் கடலைப் பருப்பு அளவில் நறுக்கி நாற்பது ஐம்பது துண்டு தயாராக வைத்திருங்கள். ஒவ்வொரு வெடிக்கும் பின்னால், ஓரிரு வினாடிக்குள், ஒரு துண்டு. நாய் பயந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டாம், வெடித்தால் துண்டு வரும். வரிசை மாறக்கூடாது: முதலில் வெடி, பிறகு துண்டு. முதலில் துண்டைக் காட்டி அதன்பின் வெடித்தால், துண்டே "வெடி வரப்போகிறது" என்ற எச்சரிக்கையாகிவிடும், பிறகு இறைச்சியைக் கண்டாலும் ஓடும். 2020இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வில், இந்த முறையைக் கையாண்டவர்களில் 70 வீதத்துக்கும் மேலானோர் பலன் கண்டதாகச் சொன்னார்கள். பயம் தணிய நாய்க்கு இறுக்கமான அங்கி போடுவதைவிட அது மேலாக இருந்தது. ஆனால் துண்டை மூக்கருகே வைத்தும் நாய் எடுக்கவில்லையென்றால் அது பயத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. வாயில் திணிக்காதீர்கள். ஒளிந்த இடத்திலேயே விடுங்கள்.

தடவிக் கொடுத்தால் பயம் கூடிவிடும் என்று இன்றும் சொல்கிறார்கள். அது பிழை. பயம் ஒரு உணர்ச்சி, பரிசு கொடுத்துக் கூட்டும் தந்திரமல்ல. நாய் உங்களிடம் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள், மெல்லக் குரல் கொடுங்கள். வராமல் கட்டிலுக்கடியில் கிடந்தால் இழுத்து வெளியே எடுக்காதீர்கள். அதட்டுவதும், "பழகட்டும்" என்று பல்கனிக்குக் கொண்டுபோய் வாணம் காட்டுவதும் மறு வருடம் இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

பழக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது, அதற்குக் காலம் வேண்டும். தீபாவளிக்கென்றால் எட்டுப் பத்து வாரம் முன், ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்தே தொடங்குவது நல்லது. வெடிச்சத்தப் பதிவு ஒன்றை நாயின் காது மட்டும் லேசாகத் திரும்பும் அளவு மெல்லப் போட்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு கொடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு ஒன்றிரண்டு தடவை. தொடர்ந்து மூன்று தடவை உடல் தளர்வாக இருந்தால் மட்டும் சத்தத்தை ஒரு படி கூட்டுங்கள். உதட்டை நக்கினால், இரைத்தால் இரண்டு படி இறக்குங்கள். இதில் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். ஒன்று, கைத்தொலைபேசியிலேயே போட்டு முடித்துவிடுவது. அதன் சின்ன ஒலிபெருக்கியில் வெடியின் தாழ்ந்த அதிர்வு வராது. நாய் அந்தக் கீச்சுச் சத்தத்துக்குப் பழகும், உண்மையான வெடி வந்ததும் அது வேறு சத்தம். கொஞ்சம் பெரிய ஒலிபெருக்கியில் போடுங்கள். மற்றது, பண்டிகை வாரத்திலும் பயிற்சியைத் தொடர்வது. வெளியே உண்மையான வெடி தொடங்கிவிட்டால் பதிவை நிறுத்திவிடுங்கள், இரண்டும் கலந்தால் இதுவரை கட்டியதும் உடையும். வீட்டில் குட்டி இருந்தால் மூன்று முதல் பதினான்கு வாரம் வரையான வயதுதான் உலகத்துச் சத்தங்கள் மெல்ல அறிமுகமாக வேண்டிய காலம்.

மருந்து தேவைப்படும் நாய்களும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுவரைப் பிறாண்டி நகத்தில் இரத்தம் வரும் நாய்க்கு இறைச்சித் துண்டு மட்டும் போதாது. இரண்டு மூன்று வாரம் முன்னதாக மிருக வைத்தியரைப் பாருங்கள். கபாபென்டின், ட்ரசோடோன் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்துகளை நாயின் எடை, ஈரல், சிறுநீரக நிலை பார்த்து அவர் அளவு சொல்வார். ஒரு அமைதியான நாளில் அந்த அளவைக் கொடுத்துப் பாருங்கள். சில நாய்கள் மயங்கும், சில எதிர்மாறாகத் துள்ளும். அதை வெடி இரவில் கண்டுபிடிக்கக் கூடாது. அசெப்ரோமசின் என்ற மயக்க மருந்து மட்டும் கொடுத்தால் போதுமா என்று கேளுங்கள்: அது உடலைத் தளர்த்தும், பயத்தை எடுக்காது. ஓடவும் முடியாமல், எல்லாவற்றையும் கேட்டபடி கிடக்கும் நாயை வீட்டார் "தூங்குகிறது" என்று நினைப்பார்கள். மனிதருக்கான திரவ கபாபென்டினில் சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், அது நாய்க்கு நஞ்சு. சளிக்குக் கொடுக்கும் பிரிட்டோன், வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரை, ஒரு மூடி சாராயம், இவை எதையும் கொடுக்காதீர்கள். பனடோல் பூனையைக் கொல்லும், அரைத் துண்டும் ஆபத்து.

இங்கேதான் உங்கள் அறிவித்தல் வந்து பொருந்துகிறது. நள்ளிரவு வெடிக்கென்று பத்து மணிக்கு மாத்திரை கொடுக்க எண்ணியிருப்பார்கள். எட்டு மணிக்கே தரிப்பிடத்தில் யாரோ சரம் கொளுத்தினால், மாத்திரை உள்ளே போகும் முன் நாய் உச்சப் பயத்தில் இருக்கும். அந்த நிலையில் அதே அளவு மருந்து பிடிப்பதில்லை. வைத்தியர் சரியாகச் சொன்னார், வீட்டார் சரியாகக் கொடுத்தார், நேரம் மட்டும் பிழைத்தது.

பூனைகளுக்கு ஒளிய உயரமான இடமும் வேண்டும், அலுமாரிக்கு மேல் ஒரு காட்போட் பெட்டி போதும். மணல் தட்டும் தண்ணீரும் அதே அறையில் இருக்கட்டும். பல்கனிக் கதவும் கம்பி வலையில்லாத யன்னல்களும் பின்னேரமே பூட்டப்பட்டிருக்க வேண்டும். மறுநாள் ஆண் பூனை மணலில் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் விடியும் வரை காத்திருக்காதீர்கள், அது உடனடி அவசரம். ஒரு நாள் முழுக்க எதையும் தின்னாத பூனையையும் காட்ட வேண்டும். முயல் அரை நாள் தின்னாமலும் பிழுக்கை போடாமலும் இருந்தால் குடல் நின்றுவிட்டது என்று எண்ணுங்கள். கிளி, லவ் பேர்ட்ஸ் கூட்டைப் பல்கனியிலிருந்து உள்ளே எடுத்து மூன்று பக்கம் துணியால் மூடி, மங்கலான ஒரு விளக்கை விட்டுவையுங்கள். முழு இருட்டில் திடுக்கிட்ட பறவை கம்பியில் மோதிச் சிறகை உடைத்துக்கொள்ளும்.

குழு செய்ய வேண்டியவற்றுக்குத் திரும்புவோம். வெடி நாட்களில் மின்பிறப்பாக்கிச் சோதனை, தீ எச்சரிக்கை மணிச் சோதனை, சுவர் துளைக்கும் வேலை எதுவும் வைக்க வேண்டாம். அறிவித்த நேரத்துக்கு அரை மணி முன்னரே கீழ் வாயில் பூட்டியிருக்கட்டும். காவலாளிக்கு ஒன்று சொல்லிவைக்க வேண்டும்: கழன்று ஓடிவரும் நாயைத் துரத்தாதே. துரத்தினால் அது வாயிலைத் தாண்டும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் மரைன் டிரைவும் கடலோர ரயில் பாதையும். வாயிலைச் சாத்திவிட்டு, பக்கவாட்டாகத் திரும்பி, குந்தி உட்கார்ந்து வீட்டாருக்குத் தொலைபேசி எடுத்தால் போதும். காணாமல் போன பிராணியை முதலில் கட்டடத்துக்குள்ளேயே தேடுங்கள்: வாகனங்களுக்கு அடியில், தண்ணீர் மோட்டார் அறையில், மொட்டைமாடிப் படியில். பூனை பெரும்பாலும் மிகக் கிட்டத்தான் ஒளிந்திருக்கும், சத்தம் ஓய்ந்த நடுச்சாமத்தில்தான் வாய் திறக்கும். வெருண்ட நாய் யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அட்டையின் பிரதி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் உங்கள் ஆவணக் கோவையில் இருந்தால் அந்த இரவில் ஒரு பதற்றம் குறையும்.

ஒழுங்கையில் வாழும் நாய்களுக்கு அறையும் இல்லை, மேசையும் இல்லை. அன்றிரவு தரிப்பிடத்தின் ஒரு மூலையில் அவை ஒதுங்கினால் தடி கொண்டு துரத்த வேண்டாம் என்று காவலாளியிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் அவற்றின் மேல் வெடி எறிந்தாலோ வாலில் கட்டினாலோ அது விளையாட்டல்ல, 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். அறிவித்தலில் பெற்றோருக்கு இதை எழுதுங்கள். மறுநாள் விடிந்ததும், நாய்கள் நடைக்கு இறங்கும் முன், வெடிக் கடதாசியும் வெடிக்காத துண்டுகளும் கூட்டி அள்ளப்பட்டிருக்க வேண்டும். அதிலுள்ள நைத்திரேற்றும் பேரியமும் நக்கிய நாய்க்கு வாந்தியும் நடுக்கமும் கொடுக்கும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறோம். வெடி இரவில் குரைத்ததற்காக நாய் வளர்க்கும் வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும் வழக்கம் சில கட்டடங்களில் உண்டு. அன்றைக்குக் குரைக்கும் நாய் உதவி கேட்கிறது. அந்த இரவுக் குரைப்பை முறைப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அறிவித்தலை எழுத நேரமில்லையென்றால் இதையே நாளும் நேரமும் மாற்றி ஒட்டலாம்:

"தீபாவளியன்று காலை 5.30 முதல் 6.30 வரையும் மாலை 6.30 முதல் 8.00 வரையும் முன் வாயிலுக்கு வெளியே, திறந்த இடத்தில் மட்டும் பட்டாசு கொளுத்தலாம். தரிப்பிடம், படிக்கட்டு, மொட்டைமாடியில் கொளுத்தக்கூடாது. யானைவெடி வேண்டாம். பிராணி வளர்ப்போர் மாலை 5.00 மணிக்கு முன் நடையை முடித்து, பல்கனிக் கதவைப் பூட்டவும். மருந்து கொடுப்போர் முதல் வெடிக்கு இரண்டு மணி நேரம் முன் கொடுக்கவும். வெடி முடிந்ததும் குழுவில் 'முடிந்தது' என்று செய்தி வரும்."

அந்தக் கடைசிச் செய்தியை மறக்காதீர்கள். முடிந்துவிட்டதென்று தெரியாமல் விடியும்வரை அறையை அடைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய நாயும் சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறது.

உங்கள் குழு கூடும் நாளைச் சொன்னால் எங்களில் இருவர் வருவோம். காவலாளிகளுக்கும் விருப்பமான வீட்டாருக்கும் பட்டி போடும் விதம், மேசை மறைப்பு, ஓடிவரும் நாயை நிறுத்தும் விதம் மூன்றையும் அரை மணி நேரத்தில் செய்துகாட்டலாம். கட்டணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
கொழும்பில் நாய், பூனைப் பராமரிப்பில் நாளாந்தம் ஈடுபடுவோர் சிலர்